என் மையத்துக்கு நானா வந்த நாள்

நான் உயிரோடு இருக்கும்போதே என்னைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு என் மையத்து ஊர்வலம் பாலாவிச் சந்தியால் போய்விட்டது. நல்ல கூட்டம். என் வாய்க்கு நாலு பேர்கூடத் தேறமாட்டார்கள் என்றுதான் என் மனைவி நினைத்திருந்தாள்.

சண்டையிலிருந்து சொன்னால்தான் விளங்கும். எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு நானா, மூத்தவர். சந்தியில் றோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய பலசரக்குக் கடை, இந்தப் பக்கம் என் டயர் கடை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு நோன்புப் பெருநாள். வெளிநாட்டில் பிறை கண்டதை ஏற்று நாங்கள் ஒரு நாள் முந்திப் பெருநாள் எடுத்தோம். நானா உள்ளூர்ப் பிறைக்காரர், அன்றைக்கும் நோன்பு. புத்தி கெட்ட நான் பெருநாள் இனிப்பு வட்டிலாப்பத்தில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போய், "ருசி பாருங்க நானா" என்றேன். பகிடிக்குத்தான், சும்மா சிரிக்க. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள்.

நானாவின் முகம் கறுத்துவிட்டது. "நோன்பாளிக்கு முன்னால கிண்ணத்த நீட்டுறியா? இனி உனக்கும் எனக்கும் கதை பேச்சில்ல. உன்ட மையத்துக்கும் வரமாட்டேன், போ!"

அவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டு தரம் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டேன், மசியவில்லை. என் மனைவி சீனி வாங்கப் போனால் பிள்ளைகளின் சுகம்கூட விசாரிப்பார். நான் போனால் திரும்பி நின்று தராசைத் துடைப்பார். ஏழு வருடமாக ஒரு மனிதனின் முதுகைப் பார்த்துக்கொண்டே டயருக்கு ஒட்டுப் போட்டேன். நெஞ்சு எரியும். சத்தியமாகச் சொல்கிறேன், எரியும்.

இப்படி இருக்கும்போதுதான் கரைத்தீவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். படம் எடுக்கப் படித்தவள். மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் கடலால் மஞ்சள் கடத்தினார்களே, அதை வைத்து ஒரு குறும்படம் எழுதியிருந்தாள். மூன்று மடையன்கள் தங்கள் முதலாளியைக் கொன்று, மையத்தைத் தூக்குகிற சந்தூக்குப் பெட்டிக்குள் மஞ்சளைப் பரப்பி, அதன்மேல் அவரைக் கிடத்தி ஊரைக் கடக்கிறார்கள். ஜனாஸாவை யார் மறித்துச் சோதிக்கப் போகிறார்கள்?

"கொலைக் கதை மாமா. ஆனா சனம் சிரிக்கணும், கடைசில கொஞ்சம் அழவும் வேணும்" என்றாள்.

"மையத்தப் பாத்து யாரு புள்ள சிரிப்பான்?"

"மௌத்து வீட்டுல நீங்க சிரிச்சதே இல்லையா?"

மையத்தாக நடிக்க மெலிந்த ஆள் வேண்டுமாம், நான் ஒத்துக்கொண்டேன். என் மனைவி தலையில் கை வைத்தாள். "அல்லாஹ்வே! உசிரோட சந்தூக்குல படுக்கிற மனிசன எங்கயாச்சும் கண்டிருக்கியளா?" என்றாள். பள்ளிவாசல் சந்தூக்கை இதற்கெல்லாம் கேட்க முடியுமா? பலகையால் ஒன்று புதிதாக அடித்தார்கள். வெட்கத்தில் மனைவி அக்கம்பக்கத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்று காலை கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். அடியில் மஞ்சள் தூள், மேலே மூடி, மூடிக்குமேல் பச்சைத் துணி. முன்பக்கத்தைத் தூக்கியவர்கள் என் சொந்த மகன்மார் இருவர். சிரித்தாலோ வாய் திறந்தாலோ முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை அவர்களை மிரட்டி வைத்திருந்தாள். சனம் கமெராவைப் பார்க்கக் கூடாது என்று ஒரு வேனுக்குள் ஒளித்தும் வைத்தாள். அதுதான் வினையாகிப் போனது.

பின்பக்கத்துச் சின்ன ஒழுங்கையால் போவதாகத்தான் பேச்சு. அங்கே ஒரு உப்பு லொறி குறுக்கே பழுதாகி நிற்க, ஊர்வலம் சந்திக்குத் திரும்பிவிட்டது. எங்கள் ஊரில் ஜனாஸா போனால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்களா? தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் தலையில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆளுக்கு நாலு அடி தோள் கொடுத்தார்கள். கலிமாச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. இது எங்கள் ஆட்களின் சத்தம் இல்லையே என்று எனக்குள் பயம் பிடித்தது.

அப்போது ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. இடது காலை இழுத்து இழுத்து ஓடி வருகிற சத்தம். நானாவுக்குச் சின்ன வயதிலேயே அந்தக் கால் சரியில்லை.

"தம்பியாடா? கடை பூட்டிக் கிடக்கக்குள்ளயே யோசிச்சேன். ஏன்டா மகன், எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே?"

மகன்மார் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்களாம். பின் மூலை ஒன்றில் யாரையோ விலக்கிவிட்டு ஒரு தோள் வந்து சேர்ந்தது. என் கால்மாட்டில் நானாவின் மூச்சு இரைந்தது.

"நான் மடையன்டா. ஒரு கிண்ணம் வட்டிலாப்பத்துக்கு ஏழு வருஷம். மன்னிச்சிரு தம்பி."

நான் அப்போதே குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் சந்தியே பார்க்க அவர் அவமானப்படுவார், பிறகு உண்மையான மையத்துக்கும் வரமாட்டார் என்று பயந்தேன். அது பாதி உண்மைதான். மீதி உண்மை, அவர் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கும் கண்ணீர் வந்தது. கண்ணீர் வந்தால் மூக்கு உறிஞ்சும். உறிஞ்சினால் மஞ்சள் ஏறும்.

தும்மிவிட்டேன். பலகையே அதிர்ந்தது. தும்மினால் என்ன சொல்ல வேண்டும் என்று உம்மா பழக்கியது வாய்க்கு மறக்குமா? "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

அதைக் கேட்டவர், அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும் என்று துஆச் செய்து பதில் சொல்வது கடமை. அதையும் அதே உம்மாதான் பழக்கினா. வெளியே, அழுகிற குரலிலேயே, நானா "யர்ஹமுகல்லாஹ்" என்றார்.

ஏழு வருடத்தில், மையத்துக்கு இல்லாமல் உயிரோடு இருக்கிற எனக்கென்று அவர் சொன்ன முதல் சொல்.

சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. பின்பக்க மறு மூலைக்குத் தோள் கொடுக்க வந்திருந்த உப்பு லொறி டிரைவர் விட்டுவிட்டு ஓடினான். மகன்மார் சிரிப்பை அடக்க முடியாமல் முன்பக்கத்தை இறக்கினார்கள். மூடி சரிந்தது, நான் எழுந்து உட்கார்ந்தேன். மற்ற மூன்று மூலைக்கும் தோளே இல்லை. நானாவின் மூலை மட்டும் இன்னும் அவர் தோளிலேயே இருந்தது.

மஞ்சள் பூசின என் முகத்தை அவர் பார்த்தார். பிறகு வேன், கமெரா, எல்லாவற்றையும் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"மையத்துக்கும் வரமாட்டேன்னு சொன்னீங்களே நானா" என்றேன். இந்த வாய் சும்மா இருக்காது.

"நீ மௌத்தாகல்லியே, கழுத. நான் சொன்ன சொல்லு அப்படியே இருக்கு" என்றார். தோளில் இருந்ததை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை அவருடைய அழுகையையும் என் தும்மலையும் படத்தில் அப்படியே வைத்தாள். அவரிடம் கேட்டுத்தான் வைத்தாள். "அந்தக் கழுத தும்மினதையும் வை" என்றாராம். கலியாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டபோது சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. முன் வரிசையில் இருந்த நானா சிரிக்கவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

இன்றைக்கும் என்னோடு அவருக்குக் கதையில்லை. ஆனால் கடையில் இருந்து நான் தும்மி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னால், லொறி இரைச்சலையும் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து "யர்ஹமுகல்லாஹ்!" என்று வரும். ஒரு நாளும் தவறியதில்லை.

கடை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கொஞ்சம் மஞ்சள் தூள் வைத்திருக்கிறேன்.