ஓடைக்கு இருபதடி மேலே

அழைக்காமல் அடுத்தவர் சமையலறைக்குள் நுழைவதுதான் பத்தொன்பது வருடங்களாக அந்த அம்மாளின் வேலை. நகராட்சியில் உணவு ஆய்வாளர். மூன்று நாள் காய்ந்த எண்ணெயைத் தெருவில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். குளிர்பெட்டிக் கதவின் ரப்பரை விரலால் விலக்கி, உள்ளே கறுத்துக் கிடக்கும் கொழகொழப்பைக் கடைக்காரருக்கே காட்டி, "இது என்னங்க?" என்று கேட்பார். திட்டமாட்டார். அந்தக் கேள்வியிலேயே கடைக்காரருக்கு வேர்த்துவிடும். ஓட்டல்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கு மேடம். வீட்டிலும் தம்ளரை முகர்ந்து பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார். "உன்கூடக் குடும்பம் நடத்தறது தினம் பரீட்சை எழுதற மாதிரி" என்பார் கணவர்.

அப்படிப்பட்டவரை மழைக்காட்டுக்குள் ஐந்து நாள் நடக்கக் கூட்டிப்போனவள் அவருடைய தங்கை. வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனவள். கூட வருவதாக இருந்த தோழி படியில் தவறிக் காலை உடைத்துக்கொள்ள, அக்காவின் காலைப் பிடித்தாள்.

"அங்க கக்கூஸ் உண்டா?" இதுதான் அக்காவின் முதல் கேள்வி.

"காடு பூரா கக்கூஸ்தான்க்கா. ஆனா ஒண்ணு. அங்க வந்து யாரையும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணக் கூடாது. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு."

தங்கையின் முகத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணிவிட்டார்.

மொத்தம் எட்டுப் பேர். வழிகாட்டியை எல்லோரும் கேப்டன் என்றார்கள். முறுக்கு மீசையும் உரத்த குரலுமாக இருப்பார். அவருக்குப் பின்னால் சட்டி பானைகளைச் சுமந்துகொண்டு அதிகம் பேசாத பூனையாக ஒரு சமையல்காரர். ஆளுக்குப் பதினோரு கிலோ முதுகுப்பை. முதல் அரைமணி நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. காட்டுக்குள் மழை மேலிருந்து மட்டும் வரவில்லை. இலைகளிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் வந்தது, காலடியிலிருந்துகூடப் பீச்சியடித்தது. முழங்கால் வரை சேறு. அதில் அழுகிய பழங்களின் புளித்த வாடை. பிடிமானத்துக்காகக் கிளையைத் தொட்டால் கை முழுவதும் பாசி.

அட்டைகள் வேறு. காலுறையின் நூலிடுக்கில் நுழைந்து, விரல்களுக்கு நடுவே உட்கார்ந்து, திராட்சை மாதிரி ஊதிக் கிடந்தன. அவற்றை உப்புத் துணியால் உதிர்த்தபோது தன் இரத்தமே வழவழவென்று கையில் ஒட்ட, மூக்கு மேடத்துக்கு உடம்பு கூசியது. துவைத்தது காயவில்லை. இரண்டாம் நாள் காலை ஈரச் சட்டையைத் திரும்ப மாட்டியபோது நனைந்த நாயின் வாடை அடித்தது. அது தன்மேல் அடிக்கிற வாடை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தங்கையோ குழந்தையாகிவிட்டிருந்தாள். "அக்கா, அந்த மரத்தப் பாரேன்! வேரே ஆள் உயரம்!"

"பாத்தேன். வேர்ல என்னவோ நெளியுது" என்றார் அக்கா.

இரண்டாம் நாள் மாலை ஓர் ஓடைக்கரையில் கூடாரம் போட்டார்கள். மறுநாளும் அங்கேதான் தங்கல். சமையல்காரர் காய் நறுக்கும் பலகையில் பச்சைப் பூஞ்சை படிந்திருந்தது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியை மூக்கு மேடம் விழுங்கிக்கொண்டார். சத்தியம் சத்தியம்தான். எல்லோரும் நீலக் கேனிலிருந்து குளிர்ந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார்கள். அவர் மட்டும் வழக்கப்படி முகர்ந்து பார்த்தார். என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் பிடிக்கவில்லை. கொதிக்கிற தேநீரோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, ஒதுங்க இடம் தேடிச் சரிவில் ஏறினார். பெரிய மரமொன்றின் பின்னால் ஈக்களின் இரைச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

பள்ளம். பள்ளம் என்றுகூடச் சொல்ல முடியாது, நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எத்தனை கூட்டம் வந்துபோனதோ, அத்தனை பேரின் மலமும் அங்கே கிடந்தது. ஈரக் காகிதங்கள், இரத்தம் உறைந்த பஞ்சுகள், துருப்பிடித்த டப்பாக்கள், பிளாஸ்டிக் உறைகள். எல்லாவற்றின்மேலும் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். இரவு பெய்த மழையில் விளிம்பு உடைந்து, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் அந்தக் கோட்டைத் தொடர்ந்தன. இருபதடி கீழே ஓடையில் கலந்தது. கலந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, குனிந்து நீலக் கேனை நிரப்பிக்கொண்டிருந்தார் சமையல்காரர்.

பத்தொன்பது வருடத்தில் எந்தச் சமையலறையிலும் வாந்தி எடுக்காதவர் அங்கே, மரத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வருமளவுக்கு எடுத்தார்.

கீழே வந்ததும் கேனைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?" என்று கத்தினார் கேப்டன்.

"மேல இருக்கிற பள்ளம் யாரோடது?"

"அது... எல்லா குரூப்பும் போடறதுதான். காடும்மா. தானா மக்கிடும்."

"பிளாஸ்டிக்கும் மக்கிடுமா? தண்ணியக் கொதிக்க வைக்கிறீங்களா?"

கேப்டன் சமையல்காரரைப் பார்த்தார். சமையல்காரர் தரையைப் பார்த்தார். "கேஸ் பத்தாதுங்க மேடம். டீக்கு மட்டும்தான். குடிக்கறதுக்குத் துணியில வடிகட்டறேன்."

"நாலு வருஷமா இதே தண்ணிதான். ஒருத்தரும் சாகலையே?" என்றார் கேப்டன்.

மற்றவர்கள் தன் பக்கம் நிற்பார்கள் என்று மூக்கு மேடம் நினைத்தார். புத்தம்புதுக் காலணியோடு வந்திருந்த கணினிக்காரர், "ஒரு வருஷமா லீவு சேத்து வந்திருக்கோம் மேடம். மூடைக் கெடுக்காதீங்க" என்றார். யாரும் மேலே ஏறிப் பார்க்கக்கூடத் தயாராக இல்லை. தங்கையின் முகம் சிவந்துவிட்டது. "சத்தியம் பண்ணுனியேக்கா! உனக்கு எங்க போனாலும் நாத்தம் மட்டும்தான் தெரியுமா?"

அட்டையைவிட, புழுவைவிட, அந்த முகங்கள்தான் அவருக்கு அதிகமாகக் குமட்டின.

மத்தியானத்துக்குள் தங்கைக்கு வயிற்றைப் பிடுங்க ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் நாலு பேர் சுருண்டுவிட்டார்கள். அதில் கணினிக்காரரும் ஒருவர். புதருக்கு ஓடக்கூடத் தெம்பில்லாமல் தங்கை கூடாரத்திலேயே எல்லாம் போய்விட்டு, "அக்கா, நீ வெளிய போ, நீ பாக்காத" என்று அழுதாள்.

"வாய மூடிக்கிட்டுப் படு" என்றார் அக்கா.

அருவருப்பு ஒன்றும் போய்விடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் கழுவினார். நடுநடுவே வெளியே வந்து ஓங்கரித்தார். மறுபடி உள்ளே போனார். பள்ளத்துக்கு வெகு மேலே, பாறை இடுக்கிலிருந்து வந்த ஊற்றைத் தேடிக் கண்டுபிடித்தவர் சமையல்காரர். இருக்கிற கேஸையெல்லாம் தண்ணீருக்கே எரித்தார்கள். லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மூக்கு மேடம் அளந்து கலந்து, ஆளுக்கு ஆள் வாய்க்குள் ஊற்றினார். கேப்டனிடம் மண்வெட்டியைக் கொடுத்து, ஓடைக்கு எட்டாத இடத்தில் புதுக் குழி தோண்டவைத்தார். மீசை மறுபேச்சுப் பேசவில்லை. தோண்டியது.

திரும்பி இறங்க இரண்டு நாள் ஆனது. தங்கையின் பையையும் முன்பக்கம் மாட்டிக்கொண்டு, இரட்டைப் பிள்ளை சுமந்தவர் மாதிரி நடந்தார் அக்கா.

ஊருக்கு வந்ததும் ஒன்பது பக்க அறிக்கை எழுதினார். "காடு நம்ம எல்லையே இல்லையேம்மா" என்று சிரித்தார் மேலதிகாரி. வனத்துறைக்கு அனுப்பினார். பதில் இல்லை. கணினிக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. தங்கை பனிமூட்டத்தில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "வாழ்நாள்ல ஒரு தடவையாவது போகணும்" என்பாள். ஒருநாள் அக்காவின் எதிரிலேயே சொன்னாள். பாதித் தம்ளர் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார் அக்கா.

கையெழுத்துப் போட வந்தது சமையல்காரர் ஒருவர்தான். ஆய்வாளர் அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நாலு வருடக் கதையையும் சொல்லி எழுதவைத்தார். அதனால் அவருக்கு வேலை போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு வனத்துறை அசைந்தது. அந்தப் பாதையை மூடினார்கள். பள்ளத்தைக் காலிபண்ணச் சொல்லி, பயணம் நடத்திய கம்பெனிக்கு உத்தரவு போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடச் சமையலறையில் புது வேலை கிடைத்ததைச் சொல்ல அவர் வந்தார்.

"அந்தப் பள்ளத்தச் சுத்தமா அள்ளிட்டாங்க மேடம். பதினாலு மூட்டை."

"நல்லது. அள்ளி?"

"மலையடிவாரத்துல ஒரு பாலம் வருமில்லீங்களா... அதுக்குக் கீழ உருட்டி விட்டுட்டாங்களாம்."

மூக்கு மேடம் கண்ணை மூடிக்கொண்டார். வாயில் ஊறிய எச்சிலைத் துப்பப் போய், அலுவலகம் என்பது ஞாபகம் வந்து விழுங்கினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாளை எடுத்தார்.

"எந்தப் பாலம்? மெதுவாச் சொல்லுங்க."