படத்தில் வளர்ந்தவள்

பக்கத்து வீட்டில் கதவுக்கு பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த எண்ணெய் வாசனை என்னை விருத்தாசலத்து வீட்டுக் கூடத்துக்கே கொண்டுபோய்விட்டது.

பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுபவர் அப்பா. என்னோடு இரட்டையாகப் பிறந்த செல்வி ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்தபின், அவள் படத்தை எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். அதுவரை படம் வரைய வாட்டர் கலர் மட்டுமே தொட்டவர்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னை எதிரே உட்காரவைத்து, அதே படத்தின்மேல் மறுபடி தீட்டுவார். செல்விக்கும் பல் விழுந்து முளைத்தது. பின்னல் நீண்டது. படம் மாட்டியிருந்த கூடத்துக்குள் நான் தனியாகப் போகமாட்டேன்.

"செத்த புள்ளைய ஏங்க வளக்குறீங்க?" என்று அம்மா அழுவாள்.

"வாட்டர் கலர்ல திருத்த முடியாது. இதுல முடியுது," என்பார் அப்பா.

நான் பெரியவளானபோது அம்மா ஒரே நிறத்தில் இரண்டு தாவணி எடுத்துவந்தாள். ஒன்றை எனக்குக் கட்டிவிட்டாள். இன்னொன்றை அப்பாவிடம் நீட்டினாள்.

"அவளுக்கும் இதே கலரு போடுங்க."