சலவைக்கூடத்து சம்பூர்ணமும் ஹங்கேரி பேட்ஜுகளும்

சம்பூர்ணத்துக்கு நாற்பத்தேழு வயது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரம் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் சலவைப் பிரிவு சூப்பர்வைசர். படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத்துணி என்று ஒரு நாளைக்கு எழுநூறு உருப்படியாவது அவள் கையைத் தாண்டிப் போகும். எந்தக் கறை காபி, எது மீன் குழம்பு, எது மருதாணி என்று இரண்டடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். அவள் ஹங்கேரி நாட்டின் பழைய கம்யூனிஸ்ட் காலத்துப் பதக்கங்களையும் பேட்ஜுகளையும் சேர்க்கிறாள் என்று சொன்னால், முதலில் கேட்கிறவர்கள் "எந்த நாடு?" என்று மறுபடி கேட்பார்கள்.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாடு நடந்தது. ஊர் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள். ரிசார்ட்டில் ஒரு அறைகூட காலி இல்லை. அப்படி ஆட்டம் பார்க்க வந்து தங்கியவர்களில் இம்ரே என்கிற ஹங்கேரிப் பெரியவரும் ஒருவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய கோட்டு டிரை கிளீனிங்குக்கு வந்தபோது, காலரில் சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருந்தது. மருந்து பட்டால் நிறம் போய்விடும் என்று சம்பூர்ணம் அதைக் கழற்றி, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, தானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

பெரியவர் அதை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய அம்மா வாங்கியதாம். 'கிவாலோ டோல்கோஸோ' என்று எழுதியிருந்தது. சிறந்த உழைப்பாளி என்று அர்த்தம். அம்மா என்ன வேலை பார்த்தார் என்று சம்பூர்ணம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். அவர் சட்டையைக் கசக்குவதுபோல இரண்டு கையாலும் காட்டினார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். இருபது வருஷம்.

சம்பூர்ணம் கீழே வந்து, கூட வேலை செய்யும் அம்சாவிடம் சொன்னாள். "துணி தொவைச்சதுக்கு கவர்மெண்டு மெடல் குட்த்துகீதாம்மா."

"நெசமாவா?" என்றாள் அம்சா. "நமக்கு தீபாவளிக்கு ஸ்வீட் டப்பாவோட சரி."

அன்று முழுவதும் அந்தச் சின்னச் சிவப்பு பேட்ஜ் சம்பூர்ணத்தின் கண்ணை விட்டுப் போகவில்லை. ஊருக்குப் போன பெரியவர், மூன்று மாதம் கழித்து ஒரு தடித்த உறை அனுப்பினார். அம்மாவுடையதைக் கொடுக்க மனமில்லை, மன்னிக்கவும் என்று ஒரு சீட்டு. அதற்குப் பதிலாகப் பழைய பொருள் சந்தையில் வாங்கிய நான்கு பேட்ஜுகள். அதிலிருந்து ஆரம்பித்ததுதான்.

கம்பெனி பஸ் ஓட்டும் கணவர் திருவேங்கடம் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தத் தகரத்த வச்சிகினு இன்னா பண்ணப்போற?" ஆனால் பேட்ஜ் சேர்க்கும் ஹங்கேரிக்காரர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். மொழிபெயர்த்துக் காட்டும் வசதியைப் போனில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சம்பூர்ணம் அதில் மூழ்கிப்போவாள்.

போலி பேட்ஜுகள் ஏராளம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். அசல் எனாமல் கண்ணாடி மாதிரி. உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும். பெயிண்டு அப்படி இருக்காது. உண்மையில் கோட்டில் குத்தி அலைந்திருந்தால் மேடான இடம்தான் முதலில் தேயும். பள்ளத்தில் அழுக்கு நிற்கும். போலிக்காரன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எல்லா இடமும் ஒன்றுபோலத் தேய்ந்துவிடும். இதை யாரும் சம்பூர்ணத்துக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. காலர் எங்கே நைந்துபோகும், முழங்கை எங்கே வெளுக்கும் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறவள். ஒன்றை மட்டும் புதிதாகப் பழகவேண்டியிருந்தது: எதையும் கழுவக் கூடாது.

எழுத்து விஷயம்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பெரியவர் அனுப்பிய நான்கில் ஒன்று, சிறுவர் இயக்கத்துப் பேட்ஜ். அதில் 'முன்னேறு' என்று பொருள்படும் சொல் பொறித்திருந்தது. அதை அவள் குழுவில் போட்டபோது, ஒரு ஹங்கேரிப் பெண்மணி பதில் எழுதினார்: இது போலி. நடுவில் உள்ள எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் குறுகிய ஓசை, இரண்டு சாய்ந்த கோடு இருந்தால் நீண்ட ஓசை. இந்தச் சொல்லுக்குக் கோடுதான் வரவேண்டும், புள்ளி போட்டிருக்கிறார்கள்.

"குறில் வேற, நெடில் வேற," என்று சம்பூர்ணம் திருவேங்கடத்திடம் சொல்லிச் சிரித்தாள். "ஓடுன்றதுக்கு பதிலா ஒடுன்னு எழ்தி வச்சிகிறான் படுபாவி." அந்தப் பேட்ஜைத் தூக்கிப் போடவில்லை. சட்டத்தில் மற்றவற்றோடு சேர்த்துத் தைத்து, அடியில் 'போலி' என்று சீட்டு ஒட்டினாள்.

போன வருஷம் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயம், தபால்தலை, பழம்பொருள் கண்காட்சி நடந்தது. சம்பூர்ணம் தன் நாற்பத்தொரு பேட்ஜுகளைக் கருநீல வெல்வெட்டில் தைத்துச் சட்டம் போட்டு எடுத்துப்போனாள். அவளுக்கு ஒதுக்கியிருந்தது கடைசி மேசை. இரண்டு மேசை தள்ளி நாவலூரிலிருந்து வந்த ஆதித்யா என்பவர். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். அவருடைய கண்ணாடிப் பெட்டியின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், 1953 என்று ஆண்டு பொறித்த ஒரு பெரிய ஹங்கேரித் தொழிலாளர் பதக்கம். பக்கத்திலேயே சான்றிதழ்.

சம்பூர்ணம் அதை ஐந்து நிமிஷம் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை தன் மேசைக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

"சார், தப்பா எட்த்துக்காதீங்க. இத்து சரியில்ல."

"சர்டிஃபிகேட் இருக்கு மேடம்," என்றார் ஆதித்யா, அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"சர்டிபிகேட் சரி சார். வருஷம் அம்பத்தி மூணுன்னு கீது. மேல பாருங்க, மூணு கலர்ல கேடயம் கீது. அவங்க கவர்மெண்டுக்கு அந்தக் கேடயச் சின்னமே அம்பத்தி ஏழுலதான் வந்துச்சு. அதுக்கு மின்னாடி சுத்தியலும் கோதுமைக் கதிரும்தான்."

ஆதித்யா போனை எடுத்துத் தேடினார். தேடத் தேட அவர் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு பெட்டியைத் திறந்து, பதக்கத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சம்பூர்ணத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "வுடுங்க சார், என்கிட்டயும் ஒண்ணு கீது," என்று அழைத்துப்போய்த் தன் 'போலி' சீட்டைக் காட்டினாள். குறில் நெடில் கதையைக் கேட்டதும் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். மண்டபம் மூடுவதற்குள் பதினோரு பேர் தங்கள் பேட்ஜுகளை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்கு வந்துவிட்டார்கள். திருவேங்கடம் வாங்கிவைத்த சாம்பார் சாதம் ஆறிக் கட்டியாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆதித்யா அழைத்ததன்பேரில் சம்பூர்ணமும் திருவேங்கடமும் அவருடைய நாவலூர் ஃபிளாட்டுக்குப் போனார்கள். அவருடைய சேகரிப்பு முழுவதையும் சம்பூர்ணம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அறுபத்து மூன்றில் பத்தொன்பது போலி. ஒவ்வொரு போலிக்கும் ஆதித்யாவின் மனைவி அனு ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். "நல்லவேளை, மீதியாவது தேறிச்சே," என்றாள்.

கிளம்பும்போது ஆதித்யா ஒரு ஜிப் பையை நீட்டினார். "இதெல்லாம் உடைஞ்சது, எனாமல் போனது. மொத்த லாட்டுல சேர்ந்து வந்துச்சு. நீங்க வச்சுக்கோங்கக்கா."

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சம்பூர்ணம் பையைத் திறந்தாள். ஊக்கு முறிந்தவை, துருப்பிடித்தவை. அடியில், ஓரம் பெயர்ந்த ஒரு சின்ன பேட்ஜ். சிறந்த உழைப்பாளி, இம்ரேயின் அம்மாவுடையது மாதிரியே. மேலே கேடயம் இல்லை, சுத்தியலும் கதிரும். உதட்டில் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. திருப்பினாள். ஊக்கு பழையது, ஒட்டிய இடமும் பழையது, எழுத்துகளில் கோடுகள் எல்லாம் அதனதன் இடத்தில். இரண்டு வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்தது.

லிஃப்டு வந்து திறந்தது. திருவேங்கடம் உள்ளே போய்விட்டார். "வா, இன்னா நின்னுகினுகீற?"

"நீ கீழ போ. நான் வரேன்."

கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவதில் தப்பில்லை என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அவர் தெரியாமல்தான் கொடுத்தார், அது அவளுக்குத் தெரியும். ரிசார்ட் அறையில் விருந்தினர்கள் மறந்துவிட்ட மோதிரம், கம்மல் என்று எத்தனையோ முறை உறையில் போட்டு ஒப்படைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் ஒரு நொடிகூடத் தயங்கியதில்லை. இன்றைக்கு இந்தத் தகரத்துக்காக லிஃப்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப்போய் மணியை அடித்தாள்.

"சார், இத்தப் பாக்காம குட்த்துட்டீங்க. இந்த பைல இருக்கறதுலயே இதான் ஒசத்தி."

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஆதித்யா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அனு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடுத்தது கொடுத்ததுதான்," என்றார் கடைசியில், கொஞ்சம் கஷ்டப்பட்டு.

"சும்மா வோணாம் சார். மாத்திக்கலாம். என்கிட்ட கீறதுல எது வோணும்னாலும் மூணு எட்த்துக்கங்க."

ஆதித்யா, கண்காட்சியில் எடுத்திருந்த அவளுடைய சட்டத்தின் படத்தைப் போனில் பெரிதாக்கினார். முதலிரண்டையும் சட்டென்று தேர்ந்தெடுத்தார். மூன்றாவதாக ஒரு ரயில்வேத் தொழிலாளர் பேட்ஜின் மேல் விரல் வைத்தபோது சம்பூர்ணத்துக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. இருந்தாலும் தலையாட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, விரலை ஒரு கட்டம் தள்ளி வைத்தார்.

"இது எனக்கு வேணும்," என்றார்.

அவர் தொட்டது 'போலி' என்று சீட்டு ஒட்டியிருந்த பேட்ஜ்.

"அத்தப்போய் இன்னா சார் பண்ணுவீங்க?"

"ஆபீஸ்ல டேபிள் மேல வைப்பேன். யாராவது சர்டிஃபிகேட்டோட வந்தா காட்டலாம்ல."

அனு சிரித்ததில் கையிலிருந்த காபி தம்ளர் தளும்பியது. சம்பூர்ணமும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழே திருவேங்கடம் இரண்டு தடவை போன் அடித்துவிட்டார். மூன்றாவது தடவை எடுத்து, வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.