வேலியோரம் போன பாட்டு வயர்

நாரந்தனை வல்லிபுரத்தாருக்கு வாயை முந்திக் கை பேசும். பக்கத்துக் காணி ஐயாத்துரையர் அவருக்குப் பெரியப்பா மகன். பழைய வேலிச் சண்டையொன்றில் வல்லிபுரத்தார் விட்ட குத்தில் ஐயாத்துரையரின் மூக்கு நயினாதீவுப் பக்கம் திரும்பியது. இன்றைக்கும் அவர் தும்மினால் அங்கே கோயில் மணி ஆடும். வேலிக் கதியால் கம்புகளை மாற்றும் காலமெல்லாம் இருவரில் ஒருவர் ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வருவார்.

கடைசியாக ஐயாத்துரையரின் விலா முறிந்தபோது, வல்லிபுரத்தாரின் மனைவி இலட்சுமிப்பிள்ளை பெட்டியை அடுக்கிக் கதவடியில் வைத்தார்.

"இனி ஒருத்தரை முறிச்சியளோ, மகளிட்டைக் கனடாவுக்குப் போயிடுவன். திரும்பி வரமாட்டன்."

எதற்கும் அஞ்சாத மனிதருக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் சோறு இறங்காது.

பாட்டுக் கேட்டால் அப்பா சாந்தமாவார் என்று மகள் கிருசாந்தி அறைக்கொரு ஸ்பீக்கர் அனுப்பினாள். எல்லாம் வைஃபையில் பாடுபவை. விறாந்தையில் பாடிய நாதஸ்வரம் குசினியில் விக்கியது, கிணற்றடியில் செத்தது. சாந்தமாக வேண்டியவர் உலக்கையை எடுத்துக் கிணற்றடி ஸ்பீக்கரை மாவாக இடித்தார்.

ஊர்காவற்றுறையிலிருந்து இன்டர்நெட் வேலை செய்யும் யூலியானா வந்து சுவரைத் தட்டினாள்.

"ஐயா, இது முருகைக்கல். பீரங்கிக்கே அசையாது, வைஃபை எங்கை போறது? விறாந்தை ரவுட்டரிலையிருந்து குசினி ஸ்பீக்கருக்கு வயர் இழுப்பம். மற்றதுகள் அதிலையிருந்து பிடிக்கும்."

"முற்றத்தைக் கிண்டவோ?" என்றார் வல்லிபுரத்தார்.

"என்ரை சீமெந்திலை கை வைச்சியளோ!" என்றது குசினிக்குள்ளிருந்து ஒரு குரல்.

மிச்சமிருந்தது வேலியோரம்.

வயரை நிலத்தில் விரித்து இரண்டு முனையையும் செருகியதும் தவில் முழக்கத்தில் குசினிச் சட்டிகள் ஆடின. இலட்சுமிப்பிள்ளை சிரித்தே விட்டார். "இனி வயரை மண்ணுக்கை தாட்டுவிடுங்கோ" என்று யூலியானா சைக்கிளேறினாள்.

வல்லிபுரத்தார் குழி தோண்ட இரும்பு அலவாங்கைக் குத்தினார். அந்த ஊரில் வேலியடியில் அலவாங்கு விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான்.

"டேய்! எல்லையைத் தள்ளுறியோ?" ஐயாத்துரையர் குழை வெட்டும் கொக்கச்சத்தகத்தோடு வேலிக் கிடுகைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தார்.

"பாட்டு வயரடா, விசரா!"

"பாட்டு மண்ணுக்கையே பாடுறது?"

சத்தகம் வல்லிபுரத்தாரின் தோளைக் கிழித்தது. அவர் தலையால் முட்டினார். ஐயாத்துரையரின் முன்பல் பறந்துபோய்க் காரைநகர் வள்ளத்தில் விழுந்ததென்று வள்ளக்காரப் பிலிப்பு சத்தியம் செய்வார். கட்டிப் புரண்டார்கள், கடித்தார்கள், மண் இரத்தத்தில் குழைந்தது. தவில் முழக்கத்தில் குசினிக்கு எதுவும் கேட்கவில்லை. ஐயாத்துரையர் மறுபடி வீசினார். வல்லிபுரத்தார் விலக, சத்தகம் வயரை அறுத்தது. மறுகணம் அவர் ஐயாத்துரையரின் நெஞ்சிலேறி, தலைக்கு நேரே அலவாங்கை ஓங்கினார்.

ஆனால் வயரோடு குசினிப் பாட்டும் அறுந்திருந்தது.

அந்த அமைதியில் இலட்சுமிப்பிள்ளை அகப்பையோடு வாசலுக்கு வந்தார். அவர் பார்வை கதவடிப் பெட்டிக்குப் போனது.

ஓங்கிய அலவாங்கு எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? வல்லிபுரத்தார் எழுந்து, வேலிக்கு இரண்டு முழம் உள்ளே, தன் காணியில் அதைக் குத்தினார்.

"வயர் இதாலை போகட்டும்."

"உது உன்ரை காணியெல்லோ?" என்றார் ஐயாத்துரையர், வாயைப் பொத்தியபடி.

"ஓம். நீ போய்ப் பல்லைத் தேடு."

தோளிலிருந்து சொட்டச் சொட்டக் குழி நீண்டது.

"பல்லெண்டபடியால் நிக்கிறன். தலையெண்டால் இப்ப பஸ்ஸிலை இருந்திருப்பன்," என்று இலட்சுமிப்பிள்ளை உள்ளே போனார்.

யூலியானா புது வயர் இழுத்தாள். இப்போது வீடு முழுக்க ஒரே தாளத்தில் பாடுகிறது. பெட்டி மட்டும் கதவடியிலேயே இருக்கிறது. வல்லிபுரத்தார் அதைச் சுற்றி நடந்துதான் பாட்டுக் கேட்கப் போகிறார்.