நாடா கட்டிய மவுஸ்

நான் தென்னையிலிருந்து விழுந்தவன். கள்ளு இறக்கிக்கொண்டிருந்தேன். மழை விட்ட ஒரு காலையில் கால் வழுக்கியது. அதற்குப் பிறகு கட்டில்தான். தோளும் முழங்கையும் அசையும். வலது மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கலாம். விரல்கள் மடங்கியே கிடக்கும். மீதியெல்லாம் அடுத்தவர் கையில்.

வீடு வடகரப்பதிப் பக்கம். ஒரே ஜன்னல். அதில் பக்கத்துக் காட்டுக்காரரின் மாட்டுக் கொட்டகைச் சுவர் தெரியும். வேறொன்றும் தெரியாது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களை வாராவாரம் வந்து பார்க்கிற பாலியேட்டிவ்காரர்கள், யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கட்டிலுக்குக் குறுக்கே பலகை போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மவுஸை உள்ளங்கை ஓரத்தால் தள்ளுவேன். விரல் முட்டியால் அழுத்துவேன். அதன் ஒயர் போர்வையில் மாட்டும். மாட்டினால் மனைவியைக் கூப்பிட வேண்டும்.

அவளும் கூப்பிடு தூரத்தை விட்டு எங்கும் போனதில்லை. கடைக்குப் போனாலும் ஓடித்தான் வருவாள். வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தேங்காய்நார்க் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை கம்பெனி வண்டியில் ஏறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. தேவைப்படும்போது நானே அவள் போனுக்கு அழைக்க முடிந்தால் அவள் போகலாம். முடியாவிட்டால் இல்லை.

போனில் பேச்சால் சொல்லி அழைத்துப் பார்த்தோம். மல்லாந்து கிடக்கிறவன் குரல் அதற்குப் புரியவில்லை. ஒருமுறை கள்ளுக்கடைக்காரருக்குப் போயிற்று. அவர் ரொம்ப நேரம் நலம் விசாரித்தார். கம்ப்யூட்டரில் அப்படியில்லை. திரையில் அவள் படம் இருக்கும். அதை அழுத்தினால் அவள் போன் அடிக்கும். ஒயர் மாட்டாமல் படம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

அவள் தம்பி பால் வண்டி ஓட்டுகிறான். அவன்தான் புது மவுஸ் ஒன்றை வரவழைத்துக் கொண்டுவந்தான்.

"பாருங்க மாமா, கேம் ஆடறவங்க வெக்கிறது. ஒயரே இல்ல. கோழிமுட்ட கனந்தான்."

"முதுகெல்லாம் ஓட்டையா இருக்குது."

"கனம் கொறைக்கறதுக்குங்க மாமா."

"பணியாரச் சட்டியாட்ட இருக்குது," என்றாள் அவள்.

"வெல கம்மிக்கா. அதுல இது பரவால்லன்னு சொல்றாங்க. புடிக்கலீனா இந்த வாரத்துக்குள்ள திருப்பிக் குடுத்தரலாம்."

கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். தள்ளினேன். ஓடியது. பழசை ஒரு சாண் நகர்த்தினால் தோள் வலிக்கும். இதில் வலி இல்லை. அம்பு திரையின் அந்த ஓரம் வரைக்கும் போய் நின்றது. விழுந்த பிறகு, நான் போகச் சொன்ன இடத்துக்குப் போன பொருள் அது ஒன்றுதான்.

குறையும் இருந்தது. பட்டன் தொட்டாலே அழுந்தியது. விழுந்ததிலிருந்து கை அவ்வப்போது தானாகத் துடிக்கும்; அப்போதும் அழுந்தியது. பக்கவாட்டில் இரண்டு பட்டன். உள்ளங்கை பட்டால் திரை மாறிப் போகும். அவற்றை மச்சினன் வேலை செய்யாதபடி வைத்தான். சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று அம்பின் வேகத்தை மாற்றியது. அதன்மேல் அவள் பிளாஸ்திரி ஒட்டினாள். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் தூங்கிவிடும். ஒரு தள்ளு தள்ளினால் எழுந்துகொள்ளும். கலர் கலராக விளக்கு எரிந்தது. அதை அணைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சோதித்துப் பார்த்தோம்.

"தோப்புக் கடைசிக்குப் போறேனுங்க. கூப்பிடுங்க, வந்தர்றேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்ததும் தள்ளினேன். அம்பு அவள் படத்துக்குப் பக்கத்தில் வந்தது. அப்போது கை துடித்தது. மவுஸ் பலகையை விட்டு வழுக்கித் தரைக்குப் போயிற்று.

பழசாக இருந்தால் ஒயர் பிடித்து நிறுத்தியிருக்கும். முழங்கையில் ஒயரைச் சுற்றி இழுத்தும் இருப்பேன். இதில் இழுக்க ஒன்றுமில்லை. தலையைத் திருப்பினால் தெரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது. திரையில் அம்பு, அவள் படத்துக்கு ஒரு விரல் தள்ளி அப்படியே நின்றது. ஈ ஒன்று உதட்டில் உட்கார்ந்தது. ஊதினேன். மூக்குக்குப் போயிற்று. கத்தலாம். தோப்புக் கடைசிக்குக் கேட்காது. சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

வெயில் ஏறிய பிறகு அவளே வந்தாள்.

"கூப்பிடவே இல்லீங்களே."

"கீழ உழுந்திருச்சு."

எடுத்து முந்தானையில் துடைத்தாள். ஓட்டைகளில் ஊதினாள்.

"இத்தன லேசா இருந்தா ஆகாதுங்க."

"லேசு நல்லதுதான். கட்டிப் போட்டாச் சரியாப் போகும்."

மரம் ஏறுகிறவன் எதையும் சும்மா கையில் வைத்திருப்பதில்லை. கத்தியும், கள் ஊறப் பாளையைத் தட்டுகிற எலும்பும் இடுப்பில் கட்டியிருக்கும். கை நழுவினாலும் கீழே போகாது. ஆளை யாரும் கட்டுவதில்லை.

அவள் பாவாடை நாடா ஒன்றை உருவிக் கொண்டுவந்தாள். மவுஸின் முதுகு ஓட்டை ஒன்றில் விட்டு அடுத்ததில் எடுத்து முடிந்தாள். மறுநுனியைப் பலகையில் கட்டினாள். நடுவில் என் முழங்கை நுழைய ஒரு வளையம் விட்டாள். நானே வேண்டுமென்று தள்ளிவிட்டேன். தொங்கியது. வளையத்தில் கையை விட்டு இழுத்தேன். மேலே வந்தது. சில சமயம் தலைகீழாக வந்தது. புரட்ட நேரம் எடுத்தது. புரண்டது. மறுபடி தோப்புக் கடைசிக்குப் போனாள். அழைத்தேன். வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சினன் வந்து பார்த்தான்.

"ஒயரு இல்லாததாத் தேடி வாங்கியாந்தா, இதென்ன வாலு?"

"என்ற பாவாட நாடா. கம்முனு இரு," என்றாள் அடுப்படியிலிருந்து.

"கம்பெனிக்காரன் பாத்தா அழுதுருவான்."

சிரித்தோம். பிறகு அவன் என்னிடம் கேட்டான். "சொல்லுங்க மாமா. வெச்சுக்கலாமா, நாடாவக் கழட்டித் திருப்பிக் குடுத்தரலாமா?"

அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அவள் வேலைக்குப் போகமாட்டாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"வெச்சுக்கலாம்," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துருவுகிற சத்தம் மறுபடி கேட்டது.

திங்கட்கிழமை வண்டி வந்து ஹாரன் அடித்தது. தண்ணீர் உறிஞ்சுகிற குழாயை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் கஞ்சி கொண்டுவருவாள், சாவி அவளிடம் இருக்கும் என்றாள்.

"கதவச் சாத்தறதுங்களா, தொறந்து வெக்கறதுங்களா?"

"பூட்டிரு. நாய் வரும்."

பூட்டு விழுந்தது. வண்டி கிளம்பிய சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. மவுஸைத் தள்ளினேன். அம்பு படத்தில் போய் நின்றது. அழுத்தினேன். ஒரு தடவை அடித்ததுமே எடுத்தாள். பின்னால் பொம்பளைகள் சிரிக்கிற சத்தம்.

"ஏனுங்க? என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. போகுதான்னு பாத்தேன்."

"போகுதுங்களா?"

"போகுது."

"சரிங்க. வெச்சிர்றேன்."

வைத்துவிட்டாள். மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மத்தியானத்துக்கு நேரம் கிடந்தது. கையை அதன்மேலேயே வைத்து அசைத்துக்கொண்டிருந்தேன், அது தூங்கிவிடாமல் இருக்க.