மஞ்சள் மருந்துப் போத்தல்

எழுபதுகளின் தொடக்கம். இறக்குமதி முடங்கிக் கிடந்த காலம். திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற சீழும் சளியும் என் மேசைக்குத்தான் வரும். எனக்கு அருவருப்பே கிடையாது. மாமியார்தான் என்னைக் குசினிக்குள் சமைக்க விட யோசிப்பார்.

அப்போது பெண்கள் வாட்டில் சத்திரசிகிச்சைக் காயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைச் சீழ் பிடித்தன. தம்பலகாமத்துப் பெண் ஒருத்திக்கு வயிற்றை வெட்டித்தான் முதல் பிள்ளையை எடுத்திருந்தார்கள். அவள் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். கையிருப்பிலிருந்த எந்த ஊசிக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவளைக் காப்பாற்ற முடியாது என்றார் டொக்டர்.

குழாய், கத்தரிக்கோல், எல்லாருடைய கைகள் என்று ஒன்று விடாமல் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தேன். வாட்டுக்குப் பொறுப்பான தாதியை மிஸி என்போம். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ர வாட்டில ஊத்தை தேடுறீங்களோ?"

வீம்புக்கென்றே, காயம் கழுவுகிற மஞ்சள் மருந்திலும் கொஞ்சம் எடுத்தேன். கிருமியைக் கொல்லும் மருந்துக்குள் கிருமி தேடுகிறாயே என்று என்னை நானே நக்கலடித்துக்கொண்டேன்.

மறுநாள், ஒற்றி எடுத்ததையெல்லாம் வளர வைத்திருந்த தட்டுகளைத் திறந்தேன். கைகளிலிருந்து எடுத்ததில் அந்தக் கிருமி இல்லை. குழாயிலும் இல்லை. மஞ்சள் மருந்தின் தட்டு முழுக்கப் பச்சை. தட்டை மாற்றி வைத்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாற்றவில்லை. வாட்டுக்கு ஓடினேன்.

"மிஸி, இந்தப் போத்தலை எப்ப கழுவினனீங்கள்?"

"கழுவுறதோ? இந்தத் தட்டுப்பாட்டில ஒரு சொட்டு வெளியில ஊத்த ஏலுமோ? மிச்சத்துக்கு மேலதான் புதுசை விடுறனாங்கள்."

பழைய தயிரை ஊற்றிப் புதுப்பாலை உறைய வைப்பதுபோல், மாதக்கணக்காக அந்தக் கிருமியை வளர்த்திருக்கிறோம். சொன்னதும் மிஸி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சிக்கனமும் கவனமும் உள்ள மனுசி அவர்.

எல்லாப் போத்தல்களையும் அன்றைக்கே வெளியில் ஊற்றிக் கழுவி, கொதிநீரில் அவித்தோம். புதிதாக யாருக்கும் காயம் பச்சையாகவில்லை. தம்பலகாமத்துப் பெண் மட்டும் அடுத்த நாள் காலையில் செத்துப்போனாள்.

உடலை எடுக்க வந்த புருசன் எங்கள் இருவரையும் தேடி வந்தான். கண் வீங்கியிருந்தது.

"உங்களில ஒரு குறையும் சொல்ல ஏலாது. நான் கெஞ்சிக் கேட்டதுக்காக, மிஸி ஒரு நாளைக்கு ரெண்டு தரம் அந்த மருந்தால கழுவி விட்டவ."

சொல்லிவிட்டு எங்களைக் கும்பிட்டான்.