காலுக்காகக் குத்திய காது

என் காதில் இருக்கும் இரண்டு துளைகளும் என் வலது காலுக்காகக் குத்தப்பட்டவை. யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அட்டன் கடைவீதியில் எங்களுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. அப்பா காலமான பிறகு நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொண்டோம். யாத்திரைக்காரர்கள் மலையேறும் பருவத்தில் அடிவாரத்து நல்லதண்ணியில் சாப்பாட்டுக் கடை போடுபவர்களுக்கு அண்டா, குண்டான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒருநாள் வாடகைக் காரில் திரும்பினேன். ஐந்து பேர் உட்காரும் காரில் ஒன்பது பேர். கதவு மூடவில்லை. நான் ஒரு காலை உள்ளே வைத்து, மறுகாலை மிதிபலகையில் ஊன்றி, கதவைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். ஒரு வளைவில் கார் சறுக்கி, தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களின் வெற்றிலைப் பெட்டிகூடக் கவிழவில்லை. என் கால்தான் முறிந்தது.

வாடகைக் கார்களுக்கு இன்சூரன்ஸ் வந்த புதிது. கம்பனியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து ஐயா வந்தார், கோட்டும் தலைப்பாகையுமாக.

"விபத்து நடக்கேக்க நீர் காருக்கு உள்ளுக்கோ, வெளியிலயோ?"

"ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளியங்க."

"முறிஞ்சது எந்தக் கால்?"

"வெளிய இருந்ததுங்க."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்ப உள்ளுக்கு இருந்த கால்தான் எங்கட கால், தம்பி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் காலை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். மனிதர் நல்லவர். என் இடுப்பு காருக்கு உள்ளே இருந்ததாக எழுதி, பாதித் தொகை வாங்கித் தந்தார். அது கண்டி எலும்பு டாக்டரின் முதல் வைத்தியத்தோடு தீர்ந்தது. அதன் பிறகுதான் டாக்டர், எலும்பு கோணலாகச் சேரப் பார்க்கிறது, முழுசாகச் சேருமுன் திறந்து தகடு வைக்க வேண்டும், தவறினால் ஆயுளுக்கும் நொண்டிதான் என்றார். அதுவரை கால் அசையவே கூடாதாம். அம்மாவின் நகைகள் ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தன.

அம்மா இரண்டு நாள் அப்பாவின் பழைய மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "மொய் வைப்போம்" என்றாள்.

சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் ஒரு கல்யாணம் காட்சி விடாமல் அப்பா மொய் எழுதியிருந்தார். அது திரும்பி வர வேண்டுமானால் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் நடக்க வேண்டும்.

"காலு ஒடைஞ்சிருச்சுன்னு கூப்பிட்டா யாரு மொய் எழுதுவா? நல்ல காரியமா இருக்கணும்டா."

கல்யாணம் செய்யலாம் என்றால், கோணல் காலுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் காதைப் பார்த்தாள். குலசாமி கோயிலில்தான் குத்துவோம் என்று நேர்ந்துகொண்டு, கடல் தாண்டி ஊருக்குப் போக வாய்க்காமலே எனக்கு இருபத்தாறு வயதாகியிருந்தது. மொட்டையும் போட வேண்டும் என்றாள். அதற்கு நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. முடி தப்பியது, காது தப்பவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மாமா கந்தப்பளையில் சின்னதாக ஒரு சாமான் கடை வைத்திருந்தார். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. கடுக்கன், வேட்டி, பழத்தட்டு, முன்னால் இரண்டு தப்புக்காரர்கள் என்று முறை தவறாமல் சீர் கொண்டுவந்தார்.

"என்னண்ணே, தாங்குவீங்களா?" என்றாள் அம்மா.

"மாமன்னா தாங்கணும்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான்கு பேர் தூக்கி என்னை அவர் மடியில் இறக்கினார்கள். கட்டுப் போட்ட காலை ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் நீட்டி வைத்தார்கள். பாதிக் கூட்டம் ஏதோ பிள்ளைக்குக் காதுகுத்து என்று நினைத்து வந்திருந்தது. கினிகத்தேனையிலிருந்து வந்த ஓர் அம்மாள் கம்பளித் தொப்பியும் கிலுகிலுப்பையுமாக, "புள்ள எங்க?" என்று தேடினாள். என்னைக் காட்டினார்கள். அவள் சற்று யோசித்து, கிலுகிலுப்பையை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்தர் ஊசியை இறக்கினார். அம்மா என் வாயில் வெல்லத்தைத் திணித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் மட்டுமல்ல. கடைவீதி முழுக்கப் பார்த்திருக்க, மீசை வைத்த நான் கிலுகிலுப்பையோடு மடியில் கிடந்தேனே, அந்த அவமானத்தாலும்தான். மாமா காதோரம் கிசுகிசுத்தார்.

"அழு மாப்ள, நல்லா அழு. அழுதாத்தான் மொய் கூடும்."

மொய் எழுதி முடிய மத்தியானம் ஆயிற்று. அதுவரை மாமா மடியிலிருந்து என்னை இறக்கக் கூடாது, இறக்கினால் விசேஷம் முடிந்துவிட்டது என்று வருகிறவர்கள் திரும்பிவிடுவார்கள் என்றாள் அம்மா. மாமா வெற்றிலை மென்றபடி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். பணம் தேறியது. காலைத் திறந்து தகடு வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மாமா கண்டிக்கு என்னைப் பார்க்க வந்தார், கையில் தடியோடு. இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். கடைப் படியில் வழுக்கிவிட்டதாம். அவருக்குப் பொய் சொல்லவே வராது. நான் விடாமல் கேட்டதும், காதுகுத்தன்று மடியிலிருந்து என்னை இறக்கிவிட்டு எழுந்தபோதே இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மிச்ச மொய்ப் பணம் இருக்கிறது, இதே டாக்டரிடம் இப்போதே காட்டுங்கள் என்றேன். அது பிறகு உன் காலிலிருந்து தகடு எடுக்கிற செலவுக்கு, தொடாதே என்றார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கொஞ்சம் அசைஞ்சாவது உக்காந்திருக்கலாம்ல மாமா?"

"நான் அசைஞ்சா ஒன் காலு அசையுமேடா" என்றார்.

இன்று நான் நேராகத்தான் நடக்கிறேன். மாமா கடைசி வரை இடது காலை இழுத்துத்தான் நடந்தார்.